மல்லாட்டைக் குடோனில் செத்த ராஜா

நம் வயசுப் பெண்கள் நாலு பேர் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தால் சின்ன வயசில் ஆடின ஆட்டங்களைப் பற்றிப் பேச்சு வந்துவிடும். தாயம், பல்லாங்குழி, பாண்டி என்று ஆளுக்கொன்று சொல்வீர்கள். என் முறை வரும்போது "நானும் அதேதான்" என்று மழுப்பிவிடுவேன். பிரதோஷத்துக்கு என்னோடு வருகிற உங்களில் சிலர் அதைக் கவனித்துக் கேட்டும் இருக்கிறீர்கள். நான் ஆடினது வேறொன்று. அதில் ஒரு ராஜா செத்துப்போவார். யார் கொன்றது என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். அது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஆட்டத்தால்தான் என் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றது. ஆட்டத்தால் என்று சொல்வதுகூடச் சரியில்லை. சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

அப்பா விழுப்புரம் ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். கொடியில் காயப்போட்ட துணியெல்லாம் கரி எஞ்சின் புகை படிந்து, வெள்ளைத் தாவணி சாம்பல் நிறமாகத்தான் வீட்டுக்குள் வரும். ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, அட்டை டிக்கெட்டைத் தேதி மெஷினில் டக்கென்று தட்டிக் கொடுப்பார். அந்த நாற்காலியில் ஒருநாள் நான் உட்கார வேண்டும் என்பதுதான் என் ஆசை. அப்பாவும், "பத்தாவது மட்டும் பாஸ் பண்ணிடும்மா, பரீட்ச எழுதலாம்" என்பார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். நான் ஒன்பதாவது முடித்த கோடையில் அப்பாவுக்கு மாற்றல் வந்தது. ரோட்டோரத்துச் சின்ன ஸ்டேஷன். சுற்றிலும் கேப்பைக் கொல்லை. ஐந்தாவது வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம். என் பத்தாவது என்ன ஆவது என்று வீட்டில் ஒரே கவலை. அப்போது திண்டிவனத்திலிருந்து அத்தை, அப்பாவின் கூடப் பிறந்த தங்கை, தானாகவே வந்து சொன்னார்.

"அவ எங்க வூட்ல இருந்து படிக்கட்டும்ணா. எனக்கும் பொம்பளப் புள்ள இல்ல. கேர்ள்ஸ் ஸ்கூலு கூப்புடு தூரத்துலதான் இருக்குது. நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியா போ."

அம்மா அன்றைக்கு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பள்ளி திறப்பதற்குள் வீடு பழகட்டும் என்று லீவு விட்டதுமே என்னையும் தம்பியையும் திண்டிவனத்துக்கு அனுப்பிவைத்தார்கள். தம்பிக்கு ஏழு வயசு. எனக்குத் துணைக்கு அவனாம்.

அத்தை வீட்டுக்குப் பின்னாலேயே மாமாவின் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில். மாமா என்றால் அத்தையின் வீட்டுக்காரர். பெரிய வயிறு, அதைவிடப் பெரிய குரல். மில்லை ஒட்டி ஒரு குடோன். தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியாக வெயில் குச்சி குச்சியாக இறங்கும். அந்தக் குச்சிகளுக்குள் தூசி சுற்றிக்கொண்டே இருக்கும். சாக்கு வாசனையும் எண்ணெய்ச் சிக்கும் எலிப் புழுக்கை நாற்றமும் கலந்து மூக்கில் ஏறும். கரண்டு போனால் மெஷின் நின்றுவிடும். அப்போது விழுகிற அமைதியில் காது கொய்யென்று கத்தும்.

பொட்டியைக் கொண்டுவந்தது அத்தான். இதை இன்னொரு தடவை எழுதுகிறேன். பொட்டியைக் கொண்டுவந்தது அத்தான்.

அவர் அத்தையின் ஒரே பிள்ளை. பாண்டிச்சேரியில் பாலிடெக்னிக் படித்தார். பரீட்சையில் போன பேப்பர்கள் நிறைய. "இன்னொரு வாட்டி ஊரு சுத்துனன்னு தெரிஞ்சுது, படிப்பும் வாணாம் ஒண்ணும் வாணாம், மூட்ட தூக்க வச்சிருவேன்" என்று மாமா சொல்லிவைத்திருந்தார். பொம்மையார்பாளையம் கடற்கரையில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அத்தானின் சினேகிதன் வேலை பார்த்தான். அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரப் பையன் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன பொட்டி அது. மூடியில் சிறகு முளைத்த பூதம், அதன் காலடியில் மண்டை ஓடுகள், பின்னால் மின்னல் வெட்டுகிற கோட்டை. உள்ளே இங்கிலீஷ் புத்தகமும் காய்களும். அந்தக் காய்களைத் தாயக்கட்டை என்று சொல்லவும் முடியாது. ஒன்றுக்குக் கோபுரம் மாதிரி நாலு முகம். இன்னொன்று நெல்லிக்காய் பருமன், அதற்கு இருபது முகம். உள்ளங்கையில் வைத்து மூடினால் குத்தும். அந்தக் குத்தல் எனக்குப் பிடித்திருந்தது.

ஆட்டத்தை அத்தான் விளக்கினார். "ஒரு ஆளு கத நடத்தணும். மத்தவங்கல்லாம் அந்தக் கதக்குள்ள இருக்கற ஆளுங்க. நீ இன்னா பண்றன்னு நீ சொல்லணும். அது நடக்குமா நடக்காதான்னு காய உருட்டிப் பாக்கணும்."

"கடசீல யாரு ஜெயிக்கறது?" என்றான் தம்பி.

"யாரும் ஜெயிக்க மாட்டாங்கடா."

"அப்பறம் இன்னாத்துக்கு ஆடறது?"

முதலில் அத்தான்தான் நடத்தினார். இங்கிலீஷ் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாக எழுத்துக்கூட்டித் தமிழில் சொன்னார். பறக்கிற பாம்பு, அதற்கு இத்தனை பலம், உன் கத்திக்கு இத்தனை பலம். கணக்கு வாத்தியார் கதை சொன்ன மாதிரி இருந்தது. தம்பி சாக்கு மேலேயே தூங்கிவிட்டான். பக்கத்து வீட்டுச் சினேகிதி ஒருத்தி எங்களோடு ஆடுவாள். என் வயசுதான். அவள் வாப்பா துபாயில், சொந்த ஊர் கோட்டக்குப்பம். அவள் என் காதில், "சரியான பேஜாருடி. நீ சொல்லேன், நீதான் நல்லா கத உடுவியே" என்றாள்.

"நான் நடத்தட்டா அத்தான்?" என்று கேட்டேன்.

"நடத்து, பாப்போம்" என்று காய்களை என் பக்கம் தள்ளினார். அவருக்கும் நிம்மதி.

கரண்டு போகிற நேரமாகப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன். மெஷின் சத்தம் அடங்கினதும் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். காட்டுக்கு நடுவில் கருங்கல் அரண்மனை. அடைமழை. நீங்கள் மூன்று பேரும் வழிதவறி வந்த ஆட்கள். ஒரு ராணியம்மா கதவைத் திறந்து, ராஜாவை யாரோ கொன்றுவிட்டார்கள், கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று அழுகிறார்.

"உள்ள போனா இன்னா தெரியுது?" என்றாள் சினேகிதி.

"இருட்டு. கூடத்துல ஒரு சாமி மாடம். அதுல வெளக்கு இருக்குது. எண்ண ஊத்தி வருஷக்கணக்கா ஆச்சி. சாமி மொகத்துல சிலந்தி கூடு கட்டிக்கினு இருக்குது."

தம்பி நகர்ந்து வந்து என் பாவாடையைப் பிடித்துக்கொண்டான். அந்தப் புத்தகத்தில் பேய், எலும்புக்கூடு, ரத்தம் குடிக்கிற பிரபு எல்லாம் படம் போட்டிருந்தது. அதற்கெல்லாம் அவன் சிரித்தான். விளக்கேற்றாத வீடு என்றதும் அவனுக்கு வியர்த்தது. எனக்கே சொல்லும்போது முதுகு சிலிர்த்தது. இன்றும் வெளியூர் போகும்போது விளக்கேற்ற ஆள் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன்.

ராஜா உள்பக்கம் தாழ் போட்ட அறையில் செத்துக் கிடந்தார். மார்பில் கோணி ஊசி. மூட்டை தைக்கிற அந்த நீள ஊசி குடோனில் கண் எதிரே தொங்கிக்கொண்டிருந்ததால் அதுதான் எனக்குத் தோன்றியது. சந்தேகப்பட மூன்று பேர்: ராணி, அரண்மனை வைத்தியர், ஊமை வண்டிக்காரன். யாரிடம் என்ன கேட்டாலும் நான்தான் அவர்கள் குரலில் பதில் சொல்ல வேண்டும். ராணிக்கு மூக்கால் பேசுவேன். வைத்தியருக்கு இழுத்து இழுத்து, அன்பாக. ஊமைக்குக் கையைக் காலை ஆட்ட வேண்டும். அதற்குச் சினேகிதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

இரண்டாம் நாளே தம்பி ஆட்டத்துக்கு முடிவுகட்டப் பார்த்தான்.

"எதுக்குக்கா இவ்ளோ கேள்வி? எல்லாரையும் நிக்க வச்சி கற்பூரம் அடிக்கச் சொல்லு. எவன் அடிக்கலயோ அவன்தான் கொன்னவன்."

"எங்க வூட்ல கற்பூரமே கெடையாதுடா," என்றாள் சினேகிதி. "அதுக்காக நாங்கல்லாம் கொலகாரங்களா?"

"நீங்க வேற எதுனா மேல அடிப்பீங்க இல்ல?"

"வெள்ளக்காரன் புக்கு மேல கைய வப்பான்டா," என்றார் அத்தான்.

தம்பி சொன்னது நியாயம். நம் வீடுகளில் எந்தத் தகராறும் அப்படித்தானே தீரும்? எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தால் அதற்குமேல் கேள்வி இல்லை. ஒரு வில்லைக் கற்பூரத்தில் என் கதை முழுக்கக் கரைந்துவிடும் போலிருந்தது. யோசித்துச் சொன்னேன். "அந்த அரண்மனையில கற்பூரத்து மேலயே பொய் சொல்ற ஆளு ஒருத்தர் இருக்காரு."

தம்பி வாயைப் பிளந்தான். "அப்பிடிக்கூட யாருனா இருப்பாங்களாக்கா?"

"கததானடா," என்று சிரித்தார் அத்தான்.

அந்தக் கோடையில் நான் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். கதை நடத்துகிறவளுக்கு யார் கெட்டவர் என்று தெரியும். அவர் நல்லவர் மாதிரி பேசும்போதும் தெரியும். மற்றவர்கள் தப்பான ஆளைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிடும். ஆனாலும் வாயைத் திறக்கக் கூடாது. சாமிக்கும் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன். சந்நிதியில் நின்று, "எல்லாம் தெரிஞ்சும் ஏம்ப்பா சும்மா இருக்கிற" என்று பிற்பாடு நான் கேட்காத நாளில்லை. கேட்டுவிட்டு, பாவம், அவருக்கும் கஷ்டம்தான் என்று நானே சமாதானமும் ஆகிவிடுவேன்.

அத்தான் தினமும் கெஞ்சுவார். "எனக்கு மட்டும் சொல்லேன் புள்ள. சத்தியமா யார்ட்டயும் சொல்ல மாட்டேன்." அவர் கெஞ்சுவது எனக்குப் பிடித்திருந்தது. முறைப்பையன் என்று ஊரில் எல்லாரும் எங்களைச் சேர்த்துக் கேலி செய்வார்கள். எனக்கு அதில் கோபம் மாதிரி ஒன்று வரும், ஆனால் கோபமில்லை. அவரிடம் கூட நான் சொல்லவில்லை. ஆட்டத்தின் மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

பொம்மை செய்கிற யோசனை சினேகிதியுடையது. "பொணத்தப் பாக்காம எப்பிடிடி கண்டுபுடிக்கறது? காயம் எங்கருக்குது, சட்ட கிழிஞ்சிருக்குதா, ஒண்ணும் தெரியலியே" என்றாள். அத்தான் மாமாவின் பழைய சட்டையும் வேட்டியும் எடுத்துவந்தார். மல்லாட்டைத் தோலை நான் திணித்தேன். தலைக்கு ஒரு மஞ்சள் பை. கரித்துண்டால் கண், மூக்கு, மீசை. மார்பில் குங்குமத்தைக் கரைத்து ஊற்றினோம். கோணி ஊசியைக் குத்தினது அத்தான். "இன்னும் உள்ள போவணும், அப்பத்தான் நெஜம் மாரி இருக்கும்" என்று ஒரு குத்துக் குத்தினார். மல்லாட்டைத் தோல் நொறுங்குகிற சத்தம் கேட்டது. தம்பி கைதட்டினான்.

ராஜாவைப் பரிசோதிக்க வேண்டிய நாளுக்கு முன்னாலேயே சினேகிதியின் வாப்பா துபாயிலிருந்து வந்துவிட்டார். அவளைக் கோட்டக்குப்பம் அழைத்துப் போனார்கள். "நான் வர்ற வரைக்கும் ஆடாதீங்கடி!" என்று ஜட்கா வண்டியிலிருந்து கத்திக்கொண்டே போனாள். அதனால் ராஜாவை மூட்டைகளுக்குப் பின்னால் படுக்கவைத்து, மேலே சாக்கு போட்டு மூடினோம். பக்கத்திலேயே பொட்டி.

பள்ளி திறக்கக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அத்தை எனக்கு நீலப் பாவாடை தைக்கத் துணிகூட எடுத்துவிட்டார். அன்று காலையில் நான் வீட்டுக்கு விலக்காகிவிட்டேன். வேறு யாரிடம் சொல்வது? அத்தையிடம்தான் சொன்னேன். அவர்தான் பழைய புடவையைக் கிழித்துக் கொடுத்து, பக்கத்து அறையில் பாயைப் போட்டு, தட்டும் டம்ளரும் தனியாக வைத்து, "சாமி ரூமு பக்கம் வந்துறாதம்மா" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

வெயில் ஏறினபோது மில் பக்கம் கூச்சல் கேட்டது. வெயிலில் நின்று லோடு ஏற்றிக்கொண்டிருந்த மாமா, மார்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்துவிட்டாராம். அவரைக் காரில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இங்கே பாதி ஏற்றின லோடு நிற்கிறதே என்று மேஸ்திரி ஆட்களை விட்டுக் குடோனில் மூட்டைகளை நகர்த்தச் சொல்லியிருக்கிறார். ஒரு பெண் அலறினாள். அந்த அலறலை நான் பாயில் உட்கார்ந்தபடி கேட்டேன்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மாமாவின் சட்டை. மாமாவின் வேட்டி. மார்பில் ஊசி. அவர் பிடித்துக்கொண்டு விழுந்த அதே இடம்.

சாயங்காலத்துக்குள் மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். வெயில், வாயுப் பிடிப்பு, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னாராம். அது யார் காதிலும் ஏறவில்லை. பக்கத்து ஊர்ப் பூசாரி ஒருவர் வந்து, ஊசியைத் தொடாமல் பொம்மையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தச் செய்வின வெளி ஆளு வேல இல்ல. வூட்டுக்குள்ள சோறு துன்ற கைதான்" என்றார். பொட்டியின் மூடியில் இருந்த பூதத்தைப் பார்த்ததும் அவரே ஓர் அடி பின்வாங்கினாராம். ஸ்டேஷன் போன் வழியாகச் சேதி போய், அப்பாவும் பாசஞ்சர் பிடித்து வந்துவிட்டார்.

அத்தை என்னைக் கூப்பிட்டார். நான் சாமி அறைக்கு எட்டவே கூடத்தின் ஓரமாக நின்றேன். மாமா சாய்வு நாற்காலியில். அப்பா, மேஸ்திரி, பூசாரி, மில் ஆட்கள். ஆண்கள் கூட்டம். அத்தான் சுவரோரமாக நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"இத எவன் கொண்டாந்தது?" என்றார் மாமா. குரல் இறங்கிப் போயிருந்தது. அதைக் கேட்க எனக்கு அழுகையே வந்தது.

"வெளயாட்டு சாமான் மாமா. கத சொல்ற ஆட்டம். அத்தான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"நானா?" என்றார் அத்தான். "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. அது விழுப்புரத்துலருந்தே கொண்டாந்துச்சி."

தம்பி குதித்து முன்னால் வந்தான். அக்காவைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அவனுக்கு ஒரு சந்தர்ப்பம். "அக்காதான் எல்லாம் நடத்தும்! ராஜா எப்பிடி செத்தாரு, யாரு கொன்னாங்க, எல்லாம் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அத்தானுக்குக்கூடச் சொல்லாது!"

"பொட்டிய யாருடா கொண்டாந்தாங்க?" என்று அப்பா கேட்டார். அவனுக்கு அது தெரியாது. அவன் பார்த்த நாளிலிருந்து பொட்டி குடோனில்தான் இருந்தது. சாட்சி சொல்லச் சினேகிதியும் ஊரில் இல்லை.

"வீண் பேச்சு வேணாம்," என்றார் அத்தை. சாமி அறை வாசலில் தட்டில் கற்பூரம் வைத்து ஏற்றினார். "ரெண்டு பேரும் அடிக்கட்டும்."

அத்தான் போனார். அவர் கை நடுங்கினது எனக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "சாமி சத்தியமா எனக்கும் இதுக்கும் சம்மந்தமில்ல. எல்லாம் அதுதான் பண்ணுச்சி" என்று சொல்லி, பட்டென்று அடித்தார். கற்பூரம் அணைந்தது. புகை மட்டும் நேராக மேலே போனது.

நான் நடத்தின அரண்மனையில்கூடக் கற்பூரத்து மேல் பொய் சொல்கிற ஆளுக்கு நான் ஒரு காரணம் வைத்திருந்தேன். இங்கே அத்தானுக்கு, மூட்டை தூக்க வேண்டி வருமே என்பதுதான் காரணம்.

அத்தை இன்னொரு வில்லையை ஏற்றினார். "நீ வாம்மா."

நான் எப்படிப் போவேன்? அந்த நிலையில் சாமி அறை வாசலை மிதிப்பதா, கற்பூரத்தில் கை வைப்பதா? வைத்தால் அதுவே பாவம். வாயைத் திறந்து காரணம் சொல்வதென்றால் எதிரே அப்பா, மாமா, மேஸ்திரி. நான் அத்தையைப் பார்த்தேன். 'இரு, அவளால இப்ப முடியாது, நாலு நாள் போவட்டும்' என்று அத்தை சொல்லிவிடுவார் என்று நம்பினேன். அது அவருக்கு மட்டும்தானே தெரியும். அத்தை கற்பூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எரிந்து முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அடிக்க மாட்டேன்" என்றேன்.

அவ்வளவுதான். மேஸ்திரி 'ச்சு' கொட்டினார். பூசாரி தலையை ஆட்டினார். தம்பி என்னையே பார்த்தான். அவன் போட்ட சட்டம்தானே அது. அப்பா எழுந்து, "துணியெல்லாம் எடுத்துக்கோ" என்றார்.

பொட்டியும் காய்களும் நெல் அவிக்கிற அடுப்பில் போயின. பிளாஸ்டிக் எரிகிற நாற்றம் தெருமுனை வரைக்கும் எங்கள் பின்னாலேயே வந்தது.

ரயில் மயிலம் தாண்டினபோது அப்பா, "நீ ஏம்மா அடிக்கல?" என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெற்ற அப்பாவிடம்கூட வராத வார்த்தை அது. கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி என் தோளில் சாய்ந்து ரகசியமாகக் கேட்டான்.

"யாருக்கா கொன்னது? இனிமே ஆடப் போறதில்லயே, சொல்லேன்."

"வைத்தியரு."

"அவரா? அவரு நல்லவராச்சே! அவ்ளோ அன்பா பேசுவாரே!" என்று அவனுக்கு அழுகை வந்துவிட்டது. ஆட்டம் முடிந்ததற்கு அழுதானா, வைத்தியருக்காக அழுதானா, தெரியாது. நானும் சேர்ந்து அழுதேன்.

அம்மாவுக்குச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். மறுநாளே திண்டிவனம் போனாள்.

"அந்தக் களேபரத்துல எனக்கு அந்த நெனப்பே இல்லயே அண்ணி!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாராம்.

"சரி, இப்பத்தான் தெரிஞ்சி போச்சே. குளிச்சி முழுவிட்டு வந்து அடிக்கட்டும். அடிச்சிட்டு இங்கயே இருந்து படிக்கட்டும்."

"எப்பிடி அண்ணி? மில்லு ஆளுங்கல்லாம் பயப்படறாங்க. அவரும் ஒத்துக்க மாட்டாரு."

விஷயம் அத்தோடு முடிந்தது. வயசுப் பெண்ணைத் தினமும் தனியாக ரயிலேற்றி விழுப்புரம் அனுப்ப அப்பாவுக்கு மனசு வரவில்லை. பள்ளி திறந்த அன்று நான் அந்தச் சின்ன ஸ்டேஷனில் அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோனேன். விழுப்புரம் பக்கம் போகிற வண்டியில் பள்ளிக்கூடப் பெண்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து போனார்கள். கை காட்டினார்கள். நானும் காட்டினேன். கொஞ்ச வருஷத்தில் கல்யாணம். விழுப்புரத்திலேயே மளிகைக் கடை வைத்திருக்கிறவர், நல்ல மனுஷர். சாமி எனக்குக் குறை வைத்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் டிக்கெட் ஜன்னலில் குனிந்து, "திண்டிவனம் ஒண்ணு" என்று கேட்கும்போதெல்லாம் உள்ளே அந்த நாற்காலியைத்தான் முதலில் பார்ப்பேன். இப்போதும்தான்.

இத்தனை வருஷமும் என் கோபமெல்லாம் அத்தான் மேல்தான். அத்தை மேல் எனக்கு வருத்தம்கூட இல்லை. புருஷன் சாகக் கிடந்த நாளில் ஒருத்திக்கு எது நினைவிருக்கும்? கல்யாணம் காதுகுத்து என்று எங்கே பார்த்தாலும் அத்தை காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொள்வேன்.

என் பெரியவளுக்குக் கல்யாணமான வருஷம், அத்தை பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். பூ, பழம், ஒரு கிலோ மைசூர்பாகு. மாமா அப்போதும் கல்லு மாதிரி இருந்தார். அந்த மார்பு வலி அதற்கப்புறம் எட்டிப் பார்க்கவே இல்லை. காபி குடித்துவிட்டு அத்தை மெதுவாக ஆரம்பித்தார்.

"பேத்திக்கு வரன் தட்டிக்கினே போவுதும்மா. நல்லா பேசி முடிச்சி, தட்டு மாத்தற நேரத்துல கலஞ்சி போவுது. ஜோசியர் பாத்துட்டு, வூட்ல ஒரு பொய் சத்தியம் நிக்குதுன்றாரு."

நான் காபி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"நீ ஒரே ஒரு வாட்டி, சாமி முன்னாடி நின்னு, அது நான்தான் பண்ணேன்னு சொல்லிடேன். அப்ப அவன் பண்ணது பொய் சத்தியம் இல்லன்னு ஆயிடும். குடும்பத்துக்கு நல்லது."

"நான் பண்ணல அத்தை. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கே தெரியும். அவன் கைய பாத்தப்பவே தெரியும். உன்னால அடிக்க முடியாதுன்னும் தெரியும். நீ அடிச்சிட்டா எம் புள்ள பொய் சத்தியம் பண்ணவன்னு ஆயிடும் இல்ல? ஒரே புள்ளம்மா. நான் இன்னா பண்ணுவேன்?"

மறக்கவில்லை. அந்த வில்லை எரிந்து முடிகிற வரைக்கும் அத்தை ஒன்றையும் மறக்கவில்லை. காலையில் துணி கிழித்துக் கொடுத்த அதே கையால்தான் சாயங்காலம் கற்பூரத்தை ஏற்றியிருக்கிறார். நான் மாட்டேன் என்று சொல்வேன் என்று தெரிந்தே என்னைக் கூப்பிட்டிருக்கிறார். அதற்கப்புறமும் நான் குற்றவாளியாக இருந்தால்தான் அவர் பிள்ளைக்கு ஆபத்தில்லை. அதனால்தான் அம்மா போய் அழுதும் என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷம் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் என் தலையில் கை வைத்து வாழ்த்தினாரே, அப்போதும் இதெல்லாம் தெரிந்துதான் வாழ்த்தியிருக்கிறார்.

"உங்க பேத்திக்கு நான் தெனம் வேண்டிக்கறேன் அத்தை," என்றேன். "அவ இன்னா பாவம் பண்ணா? நல்ல எடமா அமையும். ஆனா அத மட்டும் நான் சொல்ல மாட்டேன்."

"எல்லாம் முடிஞ்சி போன கத. உன் படிப்பு போனது போனதுதான். இப்ப சொன்னா உனக்கு இன்னாம்மா நஷ்டம்?"

நான் எழுந்து உள்ளே போனேன். வெற்றிலை பாக்கு, மஞ்சள், ரவிக்கைத் துணி வைத்துத் தாம்பாளத்தில் எடுத்துவந்தேன். வீட்டுக்கு வந்த சுமங்கலிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத்தானே அனுப்ப வேண்டும். குங்குமத்தை நீட்டினேன். அத்தை என் முகத்தையும் தட்டையும் பார்த்தார். பிறகு குங்குமம் எடுத்து வைத்துக்கொண்டு எழுந்தார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார். "அப்ப சொல்ல மாட்ட?"

"மாட்டேன் அத்தை. பாத்து எறங்குங்க, இப்பத்தான் கழுவிவிட்டேன், படி வழுக்கும்."